கருப்புச் சேவலும் வெள்ளை ரோடும்

பட்டினி போட்டால் உற்பத்தி பெருகும் என்பதற்கு உலகத்தின் முதல் சாட்சி ஒரு சேவல்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ், சியெனா என்று இரண்டு ஊர்கள். நடுவில் மலைகள். இடைக்காலத்தில் இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் எல்லை எது என்று ஓயாத வரப்புத் தகராறு. வெட்டிக்கொண்டு செத்தது போதும் என்று ஒரு நாள் பஞ்சாயத்துப் பேசினார்கள். விடியற்காலை சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் தலா ஒரு குதிரை வீரன் கிளம்ப வேண்டியது. இருவரும் எங்கே சந்திக்கிறார்களோ அங்கே எல்லைக்கல்.

சியெனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலைப் பிடித்து, தானியம் போட்டு, மறுவீடு வந்த மாப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் ஒரு கருப்புச் சேவலைக் கூண்டில் அடைத்துப் பட்டினி போட்டார்கள். பசி பொறுக்காத கருப்பன் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து தொண்டை கிழியக் கத்த, ஃப்ளாரன்ஸ் வீரன் புறப்பட்டுவிட்டான். வெள்ளையன் எழுந்து சோம்பல் முறித்துக் கூவி முடிப்பதற்குள் ஃப்ளாரன்ஸ் குதிரை சியெனாவை நெருங்கி, ஃபோன்டெருத்தோலி என்ற கிராமத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. நடுவிலிருந்த மலைப் பிரதேசம் கிட்டத்தட்ட முழுசும் ஃப்ளாரன்ஸுக்கு.

கதைதான். ஆனால் அந்தக் கருப்புச் சேவல் இன்றைக்கும் அந்த ஊர் ஒயின் பாட்டில்களின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1924-ல் ராத்தா என்ற ஊரில் 33 தயாரிப்பாளர்கள் கூடி சங்கம் அமைத்தபோது அதையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். பிரதேசத்தின் பெயர் கியான்ட்டி.

(மேனேஜர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு விண்ணப்பம்: கதையின் நீதியை இன்க்ரிமென்ட் மீட்டிங்கில் உபயோகிக்க வேண்டாம். கருப்பனுக்கு அன்றைக்கு அப்புறமாவது சோறு போட்டார்களா என்று கதையில் இல்லை.)

* * *

பொலோன்யாவில் வேலை பார்க்கும் மச்சினன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"மாமா, ஃப்ளாரன்ஸ்லேர்ந்து சியெனா வரைக்கும் மூணு நாள் சைக்கிள்ல போலாம். மெயின் ரோடே வேணாம். உள் ரோடாவே போலாம். சும்மா ஏறி இறங்கி இருக்கும், அவ்ளோதான்."

இந்த 'சும்மா ஏறி இறங்கி' என்பதை எழுதி வாங்கி நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

"அக்கா என்ன சொன்னா மாமா?"

"தாராளமா போயிட்டு வாங்கன்னா. எல்.ஐ.சி. பிரீமியம் கட்டியாச்சான்னு மட்டும் கேட்டா."

கியான்ட்டியில் சமதளம் என்று ஒன்று கிடையாது. பழைய காலத்து ஊர்களாதலால், எதிரி வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று எல்லா ஊரையும் மலை முகட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கிறது. போய்ச் சேருவதற்குள் பள்ளத்தாக்கு வரை இறங்கி மறுபடி முகடு வரை ஏற வேண்டும். கிரெவே 240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த ஊர் பன்ஸானோ ஐந்நூறை ஒட்டி. ராத்தா 530. அங்கிருந்து கயோலே 360-க்கு இறங்குகிறது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டால், கயோலேயிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மறுபடி மேடு.

பி.காம். படித்தவனுக்கு இதை ஒரு கணக்காகப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஏற்றம் என்பது டெபாசிட். இறக்கம் என்பது வித்டிராயல். ஒரு மணி நேரம் வியர்வை சிந்திக் கட்டிய பணத்தை ஆறு நிமிஷத்தில் எடுத்துச் செலவழித்துவிடுகிறோம். பாஸ்புக்கில் மிச்சம் இருப்பது முழங்கால் வலி மட்டும். நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர்தான் போனோம். ஆனால் ஏறிய உயரத்தை மட்டும் கூட்டினால் ஆயிரம் மீட்டர் வந்தது. சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பரங்கிமலையை ஒரே நாளில் பதினோரு தடவை ஏறி இறங்குவதற்குச் சமம். அதுவும் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ வேண்டுதல் எதுவும் இல்லாமல்.

இதைச் சாத்தியப்படுத்துவது கியர். நாம் எட்டாம் வகுப்பில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டோமே, மணிக்கு இரண்டு ரூபாய் வாடகை சைக்கிள், அதில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமதளத்தில் சௌகரியம், மேட்டில் பிராணாவஸ்தை. இங்கே வாடகைக்கு எடுத்த வண்டியில் முன்னாலும் பின்னாலும் 34 பல். ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. இரண்டு மீட்டர் சொச்சம்தான் நகரும். ஆகவே மேட்டில் காலைச் சினிமா ஃபேன் மாதிரி சுழற்றிக்கொண்டே மணிக்கு ஏழு கிலோமீட்டரில் ஊர்ந்து போகலாம். பக்கத்தில் நடந்து போகிறவர் "எந்த ஊர்?" என்று கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுப் போகிற வேகம். மாதத் தவணை மாதிரிதான் இது. மொத்தமாகக் கட்ட முடியாத மலையைச் சின்னச் சின்னதாகக் கட்டுவது. மலை குறையவில்லை, தவணை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

* * *

ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு கியான்ட்டி வழியாகப் போகும் பிரதான சாலைக்கு கியான்ட்டிஜானா என்று பெயர். அழகான சாலை. அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு பறக்கிறார்கள். மச்சினன் கிரெவே தாண்டியதும் சட்டென்று ஒரு சின்னச் சாலையில் திருப்பினான். இரண்டு கிலோமீட்டர் போனதும் தார் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் வெள்ளை ரோடு.

ஸ்த்ராதே பியாங்கே என்கிறார்கள். நேர் அர்த்தமே 'வெள்ளைச் சாலைகள்'தான். சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் போட்டு, மிதிபட்டு மிதிபட்டு இறுகிய மண் சாலை. இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக மேட்டில் ஏறுகின்றன; ஊடே ஆலிவ் மரங்கள்; முகட்டில் சைப்ரஸ் மரங்கள், ஸ்கூல் பிரேயரில் உயர வரிசைப்படி நிற்கிற பையன்கள் மாதிரி. நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. அறுவடை சமயம். எங்கோ கொடிக்கு நடுவே கத்தரிக்கோல் 'ட்ச்சிக், ட்ச்சிக்' என்று சத்தம். ஆள் தெரியவில்லை. திராட்சை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைத் தாண்டிப் போனபோது புளித்த வெல்லப்பாகு போல ஒரு வாசனை அரை கிலோமீட்டருக்குக் கூட வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பார்த்த வாகனம் மொத்தம் ஒரு கார். சத்தம் என்றால் எங்கள் டயருக்கடியில் கல் நொறுங்குகிற சத்தம்தான்.

இந்த மாதிரி ரோட்டில் ஓட்ட ஒரு சூட்சுமம் உண்டு. ஹாண்டில்பாரைக் கெட்டியாகப் பிடிக்கக் கூடாது. இறக்கத்தில் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன்சக்கரம் கொஞ்சம் அலைபாயும்; அலைய விட்டுவிட வேண்டும். அதுவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல், காற்று கொஞ்சம் கம்மியாக. கல்யாணம் ஆனவர்களுக்கு இந்த டெக்னிக் சுலபமாக வரும்.

ஒயின் கொடிக்கும் இந்தக் கல் பூமிதான் வேண்டுமாம். அந்த ஊர் மண்ணில் கலெஸ்ட்ரோ என்று ஒரு உதிரிப் பாறை. கையால் நொறுக்கினால் ஓடு ஓடாக உடைகிறது. கொழுத்த வண்டலில் வைத்தால் கொடி ஏகத்துக்கு இலையாகத் தள்ளிவிட்டுப் பழத்தில் கோட்டை விட்டுவிடும். கல்லில் வேர் விட்டுத் தண்ணீர் தேடி அலைந்தால்தான் பழம் சின்னதாகி, தோல் தடித்து, சாரம் ஏறும். மறுபடியும் கருப்புச் சேவல் கதை. கஷ்டப்பட்டால் சுவை.

இந்தத் தத்துவம் எனக்கு இரண்டு மேடு வரை பிடித்திருந்தது. மூன்றாவது மேட்டில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம்.

* * *

ஒரு குக்கிராமம். பெயர் வேண்டாம். காபி, ரொட்டி, தபால் தலை, லாட்டரிச் சீட்டு எல்லாம் விற்கிற ஒரே ஒரு கடை. அதை அங்கே பார் என்கிறார்கள். நம் ஊர் அர்த்தத்தில் இல்லை. வாசல் பெஞ்சில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர். எங்கள் காலைப் பார்த்தார். முழங்கால் வரை கோலமாவு அப்பிய மாதிரி வெள்ளைத் தூசு. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

மச்சினன் மொழிபெயர்த்தான்: "இந்தத் தூசுக்காகக் காசு கொடுத்து வந்தீங்களான்னு கேக்கறாரு மாமா."

"அமைதியா, அழகா இருக்குன்னு சொல்லு."

சொன்னான். பெரியவர் ரொம்ப நேரம் பேசினார். அவன் தவணை முறையில் எனக்குக் கொடுத்தான்.

அவருடைய அப்பா மெட்சாத்ரோ. அதாவது வாரக் குடியானவர். மெட்சோ என்றால் பாதி. நிலமும் வீடும் ஆண்டையுடையது, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் ஊர் வாரம், குத்தகை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். பல நூறு வருஷம் அந்த மலைகளில் இப்படித்தான் நடந்தது. கல் அடுக்கிப் படி படியாகக் கட்டிய கொடித் தோட்டங்கள், அந்த சைப்ரஸ் வரிசை, மேட்டு மேல் கல் வீடு எல்லாமே அந்தப் பாதிக் கணக்கில் கட்டியவை. 1950-களிலும் 60-களிலும் தொழிற்சாலைகளில் சம்பள வேலை கிடைக்க ஆரம்பித்ததும், ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். 1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டமே வந்தது. கல் வீடுகள் காலியாகக் கிடந்தன. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்கி, நீச்சல் குளம் வெட்டினார்கள். இங்கிலீஷ்காரர்கள் அவ்வளவு பேர் வாங்கியதில் இதற்கு 'கியான்ட்டிஷயர்' என்றே ஒரு கேலிப் பெயர் உண்டு.

"நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது, எப்ப தார் போடுவாங்கன்னு காத்துக் கிடந்தோம். கோடையில தூசு, மழையில சேறு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்ப செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போவோம். துணி துவைச்சது எங்கம்மா. இந்த ரோடு அழகுன்னு அவ ஒரு நாள்கூடச் சொன்னதில்ல."

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த அமைதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரோட்டில் யாரும் இல்லாதது, இருந்தவர்கள் போனதால். தார் போடாதது அழகுணர்ச்சியால் இல்லை. போட்டுத் தரச் சொல்லிக் கேட்க அங்கே பல வருஷம் போதிய ஜனங்களே இல்லாததால். பசி நல்லது என்று சொல்கிறவன் எப்போதும் சாப்பிட்டவனாக இருக்கிறான். கல் மண் கொடிக்கு நல்லது என்பது சரி. அந்தக் கல்லைப் பொறுக்கியவரின் முதுகுக்கு அது நல்லதா என்பது தனிக் கேள்வி.

"இப்ப தார் போட்டுரலாம்னு சொன்னா சம்மதிப்பீங்களான்னு கேளு."

பெரியவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சம்மதிப்பேன். பேத்தி விட மாட்டா. நாலு ரூம் வாடகைக்கு விடறா. வர்றவங்க எல்லாம் தூசு கேக்கறாங்க."

* * *

தூசுக்கு மார்க்கெட் வந்த கதையும் சுவாரசியமானதே.

கயோலே ஊர்க்காரர் ஜியான்கார்லோ ப்ரோச்சி. வெள்ளை ரோடுகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைந்து வருவதைப் பார்த்து, 1997-ல் ஒரு சைக்கிள் ஓட்டம் ஏற்பாடு செய்தார். பெயர் எரோய்க்கா, வீரமானது என்று அர்த்தம். முதல் வருஷம் வந்தவர்கள் 92 பேர். இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் கயோலே ஜனத்தொகையைவிட சைக்கிள்தொகை அதிகம்.

இதன் நிபந்தனைகள்தான் வேடிக்கை. சைக்கிள் 1987-க்கு முன்னால் தயாரானதாக இருக்க வேண்டும். கியர் லீவர் ஃபிரேமின் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி வெளியே தெரிய வேண்டும். பெடலில் பழைய மாதிரி வார்ப்பட்டை. உடுப்பும் அந்தக் காலத்துக் கம்பளி ஜெர்சி. யாருக்கும் முதல் பரிசு கிடையாது. இது பந்தயமே இல்லை. மிக நீளமான பாதை 209 கிலோமீட்டர். இருட்டிலேயே விளக்குடன் கிளம்புகிறார்கள். நடுநடுவே சாப்பாட்டுக்கு நிறுத்தினால், எனர்ஜி ஜெல், பவுடர் எதுவும் இல்லை. ரொட்டி, வெண்ணெய்க் கட்டி, ஒயின், ரிபொல்லீத்தா.

ரிபொல்லீத்தா என்றால் மறுபடி கொதித்தது. மீந்த காய்கறி சூப்பில் பழைய ரொட்டியையும் பீன்ஸையும் போட்டு மறுநாள் சுண்ட வைப்பது. நம் வீட்டுச் சுண்டக் குழம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. குடியானவர் சாப்பாடு, இப்போது ரெஸ்டாரன்ட் மெனுவில். (அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதல் நாள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். மூன்றாம் நாளும் மறந்திருப்பார்கள்.)

எரோய்க்காவின் பாதை நெடுகப் பெயர்ப் பலகை வைத்து, வருஷம் பூராவும் யார் வேண்டுமானாலும் ஓட்டும்படி செய்திருக்கிறார்கள். இதன் வாரிசாக 2007-ல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் வந்தது. இப்போது அதன் பெயரே ஸ்த்ராதே பியாங்கே. மார்ச் மாதம், சியெனாவுக்குத் தெற்கே மொட்டை மேடுகளில் தூசு கிளப்பி, கடைசியில் சியெனாவின் சாந்தா கத்தெரீனா என்ற சந்தில் 16 சதவிகித மேட்டில் ஏறி, நடுச் சதுக்கத்தில் முடிகிறது. தூசு இப்போது சர்வதேச டெலிவிஷனில்.

ப்ரோச்சி செய்தது வாஸ்தவத்தில் ஒரு அக்கவுன்டன்சி வேலை. 'வளர்ச்சி இல்லை' என்று பற்றுப் பக்கத்தில் எழுதியிருந்த ரோட்டை எடுத்து, 'சொத்து' என்று வரவுப் பக்கத்தில் மாற்றி எழுதினார். குட்வில் என்று படித்தோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. சாயந்திரம் காலைக் கழுவினால் வாளியிலும் தெரிகிறது. பெரியவரின் அம்மாவுக்கு இதில் டிவிடெண்டு வரவில்லை. பேத்திக்கு வருகிறது. ஊரில் மறுபடி இரண்டு ஸ்கூல் பிள்ளைகள் ஓடுவதற்கு அது காரணமாக இருக்குமானால், தூசு கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. துணியை மெஷினில் போட்டுக்கொள்ளலாம்.

* * *

"இவ்வளவு எழுதிவிட்டு ஒயினைப் பற்றி மூச்சு விடவில்லையே" என்று ஆடிட் செக்‌ஷன் நண்பர் கேட்பது காதில் விழுகிறது. வருகிறேன்.

கியான்ட்டி எது, எதுவரை என்று 1716-லேயே மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி என்ற பிரபு அரசாணை போட்டுவிட்டார். போலிச் சரக்கு அப்போதே இருந்திருக்கிறது என்று அர்த்தம். கயோலேக்குத் தெற்கே ப்ரோலியோ என்று ஒரு கோட்டை. அதன் சொந்தக்காரர் பாரன் பெத்தீனோ ரிகாஸோலி. 1861-ல் இத்தாலியின் பிரதம மந்திரியாகவும் இருந்தவர். பதவிக்கு வெளியே அவர் உருப்படியாகச் செய்தது ஒயின் ஆராய்ச்சி. 1872-ல் ஒரு கடிதத்தில் ஃபார்முலா எழுதி வைத்தார்: வாசனைக்கும் வீரியத்துக்கும் சாஞ்சொவேஸே திராட்சை, அதன் முரட்டுத்தனத்தை அடக்கக் கனாயோலோ, சீக்கிரம் குடிப்பதானால் கொஞ்சம் மால்வாஸியா. இன்றைக்குச் சேவல் முத்திரை வேண்டுமானால் குறைந்தது 80 சதவிகிதம் சாஞ்சொவேஸே இருக்க வேண்டும். 2006-லிருந்து வெள்ளைத் திராட்சைக்கு அனுமதி இல்லை.

ருசி? நாவல்பழம் சாப்பிட்டுவிட்டு நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்போமே, அந்தத் துவர்ப்பு. கூடவே ஒரு புளிப்பு. தனியாகக் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடுதான் அதற்கு மரியாதை.

ஆனால் சைக்கிள்காரர்கள் கவனிக்க: இத்தாலியச் சட்டப்படி சைக்கிளும் வாகனம்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு காருக்கு மாதிரியே இதற்கும் உண்டு. தாண்டினால் அபராதம், ரொம்பத் தாண்டினால் கோர்ட்டு. அதனால் பகலில் தோட்டம் தோட்டமாகச் சுவை பார்க்கிறவர்கள் முகர்ந்து, வாயில் உருட்டி, பக்கத்திலிருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவது நம் ரத்தத்தில் இல்லை. இருந்தாலும் சட்டத்தை விடுங்கள், அடுத்த வளைவில் 12 சதவிகித இறக்கமும் உதிரிக் கல்லும் காத்திருக்கும்போது துப்புவதே புத்திசாலித்தனம். வண்டியை நிறுத்திப் பூட்டி, சாவியைப் பையில் போட்டபின் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ். அதுதான் சேவலுக்கும் மரியாதை, மச்சினனின் அக்காவுக்கும் மரியாதை.

* * *

கடைசியாக ஒருவரைச் சொல்லாமல் இந்த மலைகளை விட்டு இறங்கக் கூடாது.

ஃப்ளாரன்ஸை விட்டு கியான்ட்டி பக்கம் வெளியேறும்போது போன்தே அ ஏமா என்ற ஊர் வருகிறது. ஜீனோ பார்த்தாலி 1914-ல் பிறந்த ஊர். டூர் தெ ஃப்ரான்ஸ் பந்தயத்தை 1938-லும், நடுவில் ஒரு உலக யுத்தம் முடிந்து 1948-லும் ஜெயித்தவர். 1943-44-ல் ஜெர்மானியர்கள் இத்தாலியைப் பிடித்துவைத்திருந்தபோது பந்தயம் ஏது? ஆனால் பார்த்தாலி ஃப்ளாரன்ஸுக்கும் அஸ்ஸிஸிக்கும் இடையே சைக்கிளில் 'பயிற்சி' எடுத்துக்கொண்டிருந்தார். பிரபலமானவர், பட்டாளத்தான்கூட ஆட்டோகிராஃப் கேட்பான். சைக்கிள் ஃபிரேமின் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தவை, யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளச் சீட்டுகளுக்கு வேண்டிய போட்டோக்களும் காகிதங்களும். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். எத்தனை பயணம், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதில் சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காரணம், மனிதர் தானாக வாயைத் திறந்து பெருமை பேசவில்லை. 2000-ல் காலமானார். 2013-ல்தான் இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு அவரை கௌரவித்தது.

நாங்கள் ஒரு மேடு ஏறி முடித்ததும் மச்சினன் போனை எடுத்து, வேகம், உயரம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் உலகத்துக்கு அறிவித்தான். பார்த்தாலியைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். யோசித்தான். அடுத்த மேட்டில் போனை வெளியே எடுக்கவில்லை. (சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று ராத்திரி தெரிந்தது.)

* * *

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி உத்தமம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் வாட்டி எடுக்கும். அதற்கு வேலூரே போதும்.

மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு வரை கிராமத்துக் கடைகளைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். தண்ணீரும் ரொட்டியும் பன்னிரண்டரைக்கே வாங்கி வைத்துக்கொள்ளவும். பாரில் காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை இருக்கலாம். காலுக்குக் கட்டணம்.

சைக்கிள் படம் போட்ட ரீஜனல் ரயில்களில் வண்டிக்குத் தனி டிக்கெட் எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். கால் ஒத்துழைக்காத நாளில் இது பெரிய ஆறுதல்.

மோட்டார் வைத்த சைக்கிள் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எழுபது வயதுத் தம்பதிகள் அதில் சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். "குட்மார்னிங்" வேறு சொன்னார்கள்.

கஷ்டம் என்பது இஷ்டப்பட்டுத் தேடிக்கொள்ளும்போது மட்டும் இன்பச் சுற்றுலா. அந்தப் பெரியவரிடம் கற்றது இது. ஆகவே மேட்டில் மூச்சு வாங்கும்போது, கொடிக்கு நடுவே கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்தி, "பூவோன்ஜோர்னோ" என்று ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவர் ஷிப்டில் இருக்கிறார். நீங்கள் லீவில் இருக்கிறீர்கள்.

லீவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஷெங்கன் விசாவுக்கு ஆபீஸிலிருந்து லீவு அனுமதிக் கடிதம் கேட்பார்கள். காரணம் என்ற இடத்தில் 'இத்தாலி மலைகளில் சைக்கிள் ஓட்ட' என்று எழுதாதீர்கள். நண்பர் ஒருவர் உண்மையை எழுதினார். மேனேஜர் கூப்பிட்டு, பரிவோடு கேட்டாராம்: "பைக் ரிப்பேரா தம்பி?"